நூல் அறுந்தால் எரியும் விளக்கு

எங்கள் நிட்டிங் கூடத்தில் ஓடும் பின்னல் இயந்திரங்களில் பெரும்பாலானவை 30 அங்குல விட்டமும் 24 கேஜும் (அங்குலத்துக்கு 24 ஊசி) கொண்டவை. ஒவ்வொன்றிலும் 90 ஃபீடர்கள் உண்டு. அதாவது 90 நூல்கள் ஒரே நேரத்தில் மேலிருந்து இறங்கி, ஊசிகளுக்குள் போய்த் துணியாகின்றன. அந்த 90இல் ஒரே ஒரு நூல் அறுந்தாலும், அந்த நூலின் இழுவிசையில் நின்றுகொண்டிருந்த சிறு கம்பி சாய்ந்து, இயந்திரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எந்த ஃபீடரில் அறுந்ததோ அதன் தலையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஆபரேட்டர் கூடத்தின் எந்த மூலையில் இருந்தாலும் திரும்பிப் பார்த்த மாத்திரத்தில் போகவேண்டிய இடம் தெரிந்துவிடும். இதற்குத் தொழிலில் எல்லோரும் சொல்லும் பெயர் ஸ்டாப் மோஷன். திருப்பூரில் ‘15 வேலம்பாளையம்’ என்ற பகுதியில் ஆறு இயந்திரங்களை வைத்து ஜாப் ஒர்க் செய்யும் எனக்கு, இந்தச் சிறிய விளக்கு எவ்வளவு பெரிய ஏற்பாடு என்பது, அலுவலக வேலைகளைத் தானியங்கியாக மாற்றப் போய் அடிபட்ட பிறகுதான் உறைத்தது.

ஜாப் ஒர்க் என்பதால் நூல் எங்களுடையது அல்ல. ஏற்றுமதி நிறுவனமோ உள்நாட்டு வியாபாரியோ நூலை அனுப்பி, எந்தக் கவுண்ட் (நூலின் பருமன்), என்ன ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), எத்தனை கிலோ என்று புரோகிராம் தருவார்கள். நாங்கள் பின்னிய துணியை ரோல் ரோலாக எடை போட்டு, டிசி என்னும் டெலிவரி சலான் எழுதி, அவர்கள் சொல்லும் சாயப்பட்டறைக்கு அனுப்பிவிட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவோம். கேட்பதற்கு எளிய தொழில்தான். ஆனால் அதைச் சுற்றித் தேதி தவறாமல் நடக்கவேண்டிய காரியங்கள் ஒரு கூட்டமாக நிற்கின்றன. எங்கள் ஆண்டு வரவு 5 கோடி ரூபாய்க்குள் அடங்குவதால், ஜிஎஸ்டியில் காலாண்டுக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும் முறையில் இருக்கிறோம். அப்படியிருந்தும், காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கும், அதற்கடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் பில் விவரங்களை ஐஎஃப்எஃப் என்ற விருப்ப வசதி வழியாக ஏற்றிவிட்டு, 25ஆம் தேதிக்குள் வரியையும் கட்டியாக வேண்டும். காலாண்டு முடிந்ததும் 13ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், தமிழ்நாட்டுக்காரர்களுக்கு 22ஆம் தேதி மற்றொரு ரிட்டர்ன். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்வதால் இஎஸ்ஐ பணம் மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் போக வேண்டும். எடைத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். இவற்றுக்கு நடுவே ஊசி மாற்றுவது, எண்ணெய் பார்ப்பது, சனிக்கிழமைச் சம்பளம், கணக்கு மென்பொருளான டேலியின் பேக்கப் என்று வேறொரு வரிசை ஓடிக்கொண்டிருக்கும்.

இத்தனையும் பதினோரு ஆண்டுகளாக எங்கள் கணக்கு அக்காவின் தலைக்குள்தான் இருந்தன. மேசைக்கு எதிரே மாட்டிய தினசரி காலண்டரின் தாள்களில் பென்சிலால் இரண்டு எழுத்து எழுதி வைப்பார். அது அவருக்கு மட்டும் புரியும். மகளின் பிரசவத்துக்காக நாற்பது நாள் ஊருக்குப் போனபோதுதான், ஒரு நிறுவனத்தை நடத்துவது நான் அல்ல, அந்தப் பென்சில் என்பது தெரிந்தது. அந்த நாற்பது நாளில் தராசு முத்திரையின் காலம் முடிந்ததை நான் கவனிக்கவில்லை. எடையில் ஒரு சந்தேகம் என்று வந்த வாடிக்கையாளரின் ஆள் முதலில் பார்த்தது அந்தச் சான்றிதழின் தேதியைத்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். அது போதுமானதாக இருந்தது.

அக்கா திரும்பி வந்ததும் மூன்று மாலைகள் உட்கார்ந்து, அவர் செய்வதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதினோம். முதல் நாள் அவருக்குச் சிரிப்பாக இருந்தது. "இதையெல்லாம் எழுதறதுக்கு என்னங்க தம்பி இருக்குது, நாள் வந்தா செய்யறதுதானுங்களே" என்றார். எழுத எழுதத்தான் விசித்திரங்கள் வெளிவந்தன. சாயப்பட்டறைக்குப் போகும் டிசிக்கும் நூல் திரும்ப அனுப்பும் டிசிக்கும் ஒரே எண் வரிசையா, வேறுவேறா என்பதில் அவருக்கும் மேனேஜருக்கும் இரண்டு கருத்துகள் இருந்தன. இருவரும் பல ஆண்டுகளாகத் தத்தம் வழியிலேயே எழுதி வந்திருக்கிறார்கள். யாருக்காக எழுதப்படுகிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு பதிவேடு இருந்தது. அதைக் கேட்ட வாடிக்கையாளர் தொழிலையே விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. கம்ப்யூட்டரிடம் ஒப்படைப்பதற்கு முன் இப்படி உட்கார்ந்து எழுதியதுதான் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் என்று இன்றும் நினைக்கிறேன். இதைச் செய்யாமல் நேரே ஒரு மென்பொருளை வாங்கிப் போட்டிருந்தால், இரண்டு டிசி வரிசைகளும் இன்னும் வேகமாக, இன்னும் அழகாகக் குழம்பியிருக்கும்.

எழுதியதைக் கூகுள் ஷீட்டில் ஏற்றினோம்: வேலை, கடைசித் தேதி, யார் பொறுப்பு, முடிந்ததா என்று நான்கு பத்திகள். அப்போது எங்களிடம் வேலை பார்த்த ஒரு தம்பி, கல்லூரியில் படித்த ஆர்வத்தில், அந்த ஷீட்டோடு சேர்ந்தே வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் நாற்பது வரி எழுதி, தினமும் காலையில் அது தானாக ஓடி, மூன்று நாளுக்குள் முடிக்கவேண்டிய வேலைகளைப் பொறுக்கி, டெலிகிராம் குழுவில் போடும்படி செய்துவிட்டார். வாட்ஸ்அப்பில் இதை முறைப்படி செய்யப் பணம் கட்ட வேண்டும். டெலிகிராமில் தானாகச் செய்தி அனுப்பும் பாட் வைத்துக்கொள்ளச் செலவில்லை. ஆறு மாதம் அற்புதமாக ஓடியது. அக்காகூடக் காலண்டரில் எழுதுவதைக் குறைத்துக்கொண்டார்.

பிறகு அந்தத் தம்பிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ஜூலைக் கடைசியில் அவர் கிளம்பியதும், விலகிய ஊழியருக்குச் செய்யவேண்டியது என்று நாங்களே எழுதி வைத்திருந்த நடைமுறையின்படி, ஷீட்டைப் பார்க்கும் அனுமதியிலிருந்து அவரை நீக்கினேன். நடைமுறையைச் சரியாகப் பின்பற்றி என் கையாலேயே நூலை அறுத்தேன் என்பது அப்போது தெரியாது. ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு வேலையைக் குறித்த நேரத்தில் ஓடவைக்கும் டிரிக்கர், அதை வைத்தவரின் கணக்கின் பெயரில்தான் ஓடும். அவர் தன் சொந்த ஜிமெயிலிலிருந்து அதை வைத்திருந்தார். அனுமதி போனதும் ஸ்கிரிப்டால் ஷீட்டைத் திறக்க முடியவில்லை. அது தோற்றுப்போனதை அறிவிக்கும் மின்னஞ்சலும் வைத்தவருக்குத்தான் போகும். அதாவது எங்கள் இயந்திரம் நின்றதற்கான சிவப்பு விளக்கு பெங்களூரில், புதிய வேலையில் மூழ்கியிருந்த ஓர் இளைஞரின் படிக்கப்படாத அஞ்சல்களுக்கு நடுவே எரிந்துகொண்டிருந்தது. இங்கே குழு அமைதியாக இருந்தது. நாங்களும் வேலை ஒன்றும் பாக்கியில்லை போலிருக்கிறது என்று அமைதியாக இருந்தோம்.

ஆகஸ்ட் 13 வந்தது, போனது. ஜூலை மாத பில்கள் ஐஎஃப்எஃப்பில் ஏறவில்லை. வாங்குபவர் தாம் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள ஜிஎஸ்டி தளத்தில் 14ஆம் தேதி உருவாகும் 2பி பட்டியலில் எங்கள் பில்கள் இல்லாததைப் பார்த்த ஓர் ஏற்றுமதி அலுவலகத்திலிருந்து மறுநாள் போன் வந்தது. 13ஆம் தேதி கடந்துவிட்டால் அந்த மாதத்துக்கான ஐஎஃப்எஃப் கதவு மூடிவிடும். காலாண்டு ரிட்டர்னில்தான் அவற்றைக் காட்ட முடியும். அதற்கு அபராதம் எதுவும் இல்லை, சட்டப்படி எங்கள்மேல் குற்றமும் இல்லை. ஆனால் அவர்களுக்கு உள்ளீட்டு வரி கிடைப்பது அக்டோபருக்குத் தள்ளிப்போனது. ஆகவே பில்லில் உள்ள ஜிஎஸ்டித் தொகையைப் பிடித்துவைத்துக்கொண்டு மீதியைத்தான் தந்தார்கள். அவர்கள் செய்தது நியாயம். வரியை 25ஆம் தேதி நான் என் பையிலிருந்து கட்டினேன்.

அந்த வாரம் ஊதியூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அப்பாவிடம் பல ஆண்டுகளாக ஒரு மொபைல் ஸ்டார்ட்டர் இருக்கிறது. போர்வெல் மோட்டாருக்கு ஒரு சிம் போட்டிருக்கும். மும்முனை மின்சாரம் வந்ததும் வீட்டிலிருந்தே மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், ஓடுகிறது என்று குறுஞ்செய்தியும் வரும். கொங்கு நாட்டில் இரவு மின்சாரத்துக்குக் காத்திருந்து பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்த விவசாயிகளுக்கு இதைவிடப் பெரிய தானியங்கி ஏற்பாடு எதுவும் வந்ததில்லை என்பது என் எண்ணம்; கம்ப்யூட்டர்க்காரர்கள் பேசும் ஆட்டோமேஷன் எங்கள் காதில் விழுவதற்கு முன்பே எங்கள் தோட்டங்களில் அது நடமாடிக்கொண்டிருந்தது. அன்று இரவு அப்பா மிஸ்டு கால் கொடுத்தார், செய்தி வந்தது. உடனே பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்குப் போன் போட்டு, "ஏனுங் மாப்ள, தொட்டில தண்ணி விழுகுதானு கொஞ்சம் பாருங்க" என்றார். மோட்டார் ஓடுவதாகத்தான் செய்தி வந்துவிட்டதே என்று கேட்டேன். "மோட்டார் ஓடும் கண்ணு, தண்ணி வருதான்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார். நீர்மட்டம் இறங்கினாலும், குழாய் எங்கோ பிய்ந்திருந்தாலும் மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்; காற்று இழுத்தே உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகும். அதைத் தடுக்க இப்போது தனிக் கருவி உண்டு என்றாலும், அவர் தொட்டியைத்தான் நம்புகிறார்.

திருப்பூர் திரும்பியதும் மூன்று மாற்றங்கள் செய்தேன். முதலாவதாக, நிறுவனத்தின் பெயரில் தனியாக ஒரு ஜிமெயில் கணக்கைத் தொடங்கி, ஷீட், ஸ்கிரிப்ட், டிரிக்கர் எல்லாவற்றையும் அதன்கீழ் கொண்டுவந்தேன். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டுப் பணப்பெட்டியில் வைத்தேன். இரண்டாவதாக, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் காலையில் ஒரு செய்தி வந்தாக வேண்டும் என்று மாற்றினேன். ஒன்றும் இல்லாத நாளில் "இன்று பாக்கி வேலை இல்லை, பட்டியலில் 63 வரிகள் பார்க்கப்பட்டன" என்று வரும். அந்த எண்ணிக்கையை வேண்டுமென்றே சேர்த்தேன். ஷீட்டில் யாராவது தவறுதலாகப் பாதி வரிகளை அழித்துவிட்டால், செய்தி வரும், ஆனால் எண் குறையும். கூகுளின் டிரிக்கரில் சரியாக 7 மணிக்கு என்று வைக்க முடியாது, 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையே ஏதோ ஒரு நேரத்தில்தான் ஓடும். ஆகவே அக்கா 9 மணிக்கு வந்து உட்காரும்போது செய்தி இல்லையென்றால் எனக்குப் போன் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. இயந்திரத்தைக் கண்காணிக்க இன்னோர் இயந்திரம் வைக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆறு இயந்திரக் கூடத்துக்கு அக்கா போதும்.

மூன்றாவது மாற்றம் அப்பாவின் தொட்டியிலிருந்து வந்தது. அதுவரை வேலை முடிந்ததும் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் ஷீட்டில் அந்த வரிசை பச்சையாகிவிடும். டிக் என்பது மோட்டார் ஓடுகிறது என்ற செய்தி மட்டுமே. இப்போது ஜிஎஸ்டிக்கான வரிசையை மூடவேண்டுமானால், ரிட்டர்ன் ஏற்றிய பின் தளம் தரும் 15 இலக்க ஏஆர்என் என்ற ஒப்புகை எண்ணை அந்தக் கட்டத்தில் இட வேண்டும். பதினான்கு இருந்தாலும் வரிசை சிவப்பாகவே நிற்கும். இஎஸ்ஐக்குச் சலான் எண். தராசுக்கு முத்திரைச் சான்றிதழின் படம். டேலி பேக்கப்புக்கு, அந்தப் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து, அதில் உள்ள கடைசி டிசியின் எண். பேக்கப் எடுத்தேன் என்பதற்கும் பேக்கப் திறக்கிறது என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை, கோப்பு திறக்காத நாளில்தான் மனிதர்கள் அளக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை முன்கூட்டியே அளந்துவிடுவது மலிவு.

டிக்கின் குணம் கூடத்தில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வோர் இயந்திரத்திலும் ஊசிகளுக்கு எண்ணெய் போகும் ஆயிலரின் மட்டத்தை ஷிப்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் ஊசியும் சிலிண்டரும் தேயும், மிகுந்தால் துணியில் கறை விழும். இதற்கும் டிக் அடிக்கும் ஒரு படிவத்தை, இயந்திரங்களைப் பராமரிக்கும் பிட்டரின் போனில் போட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் ஏதோ தேடப்போய் நேரப் பதிவைப் பார்த்தால், திங்கள் முதல் சனி வரை ஆறு இயந்திரங்களுக்கும் உரிய டிக்குகள் அத்தனையும் சனிக்கிழமை மாலை 5.40க்குத் தொடங்கி 5.42க்கு முடிந்திருந்தன. ஆறு மணிக்குச் சம்பளம். அவரைக் கேட்டேன். "எண்ணெய் தினமும் பாக்கறனுங்க அண்ணா, அதுல தட்டறதுதான் மறந்து போகுது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது இயந்திரங்களைப் பார்த்தாலே தெரிந்தது. தவறு படிவத்தில். அதன்பின் டிக்கை எடுத்துவிட்டு, ஆயிலரின் கண்ணாடிக் குழாயில் மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்ற எண்ணை எழுதும்படி மாற்றினேன். எண்ணை எழுத வேண்டுமானால் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாக வேண்டும். மூன்று ஷிப்டாக மட்டம் குறையவே இல்லையென்றால், எண்ணெய் ஊசிக்குப் போகவில்லை என்று பொருள். அதை இப்போது ஷீட்டே சொல்லிவிடுகிறது. ஒரு முறை அடைத்துக்கொண்ட குழாய் ஒன்றை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

தடுத்து நிறுத்துவது நினைவூட்டுவதைவிட மேலானது என்பதற்கு எங்கள் தொழிலில் நல்ல உதாரணம் நூல் லாட், அதாவது மில்லில் ஒரே தொகுதியாக வந்த நூல். ஒரே கவுண்ட், ஒரே மில் என்றாலும் இரண்டு லாட் நூலைக் கலந்து பின்னிவிட்டால், பின்னும்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது. சாயம் ஏறிய பின்புதான் துணியில் நிறம் பட்டை பட்டையாக மாறித் தெரியும். அந்த நிலையில் நூலின் விலை, பின்னல் கூலி, சாயக் கூலி எல்லாம் போட்டுவிட்ட துணி அது. "லாட்டைக் கலக்காதீர்கள்" என்று தினமும் காலையில் குழுவில் செய்தி போட்டுப் பயனில்லை. பத்தாவது நாள் அதை யாரும் படிக்கமாட்டார்கள். மாறாக, மூட்டையைப் பிரிக்கும் முன் அதன் லாட் எண்ணைப் போனில் இட வேண்டும், புரோகிராமில் உள்ள எண்ணோடு பொருந்தாவிட்டால் ரோல் எண் பிறக்காது, ரோல் எண் இல்லாமல் எடைச் சீட்டு அச்சாகாது என்று கட்டினோம். கொஞ்சம் முரட்டுத்தனமான ஏற்பாடுதான். ஆனால் இதுதான் ஸ்டாப் மோஷனின் முறை. அதே சமயம் ஸ்டாப் மோஷனுக்கு நூல் அறுவது மட்டுமே தெரியும், ஊசி ஒன்றின் கொக்கி ஒடிந்து துணி நெடுக ஒரு கோடு விழுந்துகொண்டே போனால் அதற்குத் தெரியாது என்பதையும் ஆபரேட்டர்கள் நன்றாக அறிவார்கள். அதனால்தான் ஓடும் துணிக்குள் விளக்கு வைத்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். எங்கள் ஷீட்டுக்கும் அந்த வரம்பு உண்டு.

சில்லறைத் தொல்லைகளும் இருந்தன. ஷீட்டின் இட அமைப்பு அமெரிக்காவில் இருந்ததால் 05/08 என்று நாங்கள் இட்ட ஆகஸ்ட் 5ஐ அது மே 8 என்று எடுத்துக்கொண்டது. 12ஆம் தேதிக்கு மேற்பட்ட தேதிகளைத் தேதியாகவே மதிக்கவில்லை. அமைப்பை இந்தியாவுக்கு மாற்றியதும் தீர்ந்தது. கூடத்தில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், தமிழில் வரும் செய்தி அவர்களுக்கு எட்டவில்லை என்பதைக் கவனிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது வெட்கக்கேடு. அவர்களில் மூத்தவரையே இந்தியில் பேசவைத்துப் பதிவு செய்து, ஷிப்ட் மாறும் நேரத்தில் பாட் அந்தக் குரலைப் போடுகிறது.

ஒரே ஓர் இடத்தில் தானியங்கியைக் கழற்றிவிட்டேன். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ வளர்ச்சிச் சட்டம் சொல்கிறது. அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, அதைக் கொடுக்கும் ஆண்டுவரை செலவாகக் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் ஒரு விதி வந்துவிட்டது. சட்டம் நம் பக்கம் இருக்கும் தெம்பில், 30, 40, 45ஆம் நாட்களில் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் தானாகப் போகும்படி வைத்தேன். அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு நூல் தரும் பெரியவர் ஒருவர் மூன்றாவது அஞ்சல் போன அன்று கூப்பிட்டார். "ஏந்தம்பி, எங்கிட்டக் காசு கேக்கறதுக்கு உங்களுக்கு மெசினு வேணுமா?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம் மிகுந்திருந்தது. அவரிடம் துணி வாங்குபவருக்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பணம் தாமதமாகியிருந்தது. அதைச் சொல்லக்கூட அவருக்கு வாய்ப்பில்லாமல் மூன்று அஞ்சல்கள் போயிருந்தன. இப்போது வியாழக்கிழமை காலையில் பாக்கிப் பட்டியல் எனக்கு மட்டும் வரும். பத்து மணிக்குமேல் நானே ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன். சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பணம் வேண்டும் என்பது திருப்பூரில் யாருக்கும் விளக்கிச் சொல்லவேண்டிய காரியம் அல்ல.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் கோயம்புத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தபோது 9.05க்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, இன்னைக்கு மெசின் பேசலைங்க." அவிநாசியில் வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தேன். முந்தைய நாள் நான் ஷீட்டில் ஒரு பத்தியின் தலைப்பை மாற்றியிருந்தேன். ஸ்கிரிப்ட் பழைய தலைப்பைத் தேடிக் காணாமல் நின்றிருந்தது. தலைப்பைத் திரும்ப மாற்றி, கையால் ஒரு முறை ஓட்டியதும் செய்தி வந்தது: 66 வரிகள், பாக்கி இரண்டு. மாலையில் அலுவலகத்துக்குப் போனபோது அக்காவின் காலண்டரைப் பார்த்தேன். அவர் எழுதுவதை நிறுத்தவே இல்லை. அன்றைய தாளில் பென்சிலால், இந்த முறை எல்லோருக்கும் புரியும்படி எழுதியிருந்தார்: "மெசின் லீவு. தம்பிகிட்டச் சொல்லியாச்சு."